கல்லைப் பழையபடி வைப்பது

அந்தத் தீவில் மொத்தம் ஐந்து பாதைகள். நடப்பதற்கு மூன்று, மலைச் சைக்கிள் ஓட்டுவதற்கு இரண்டு. நடைபாதைகளில் ஒன்று அலையாத்திக் காடு வரை போகும். இன்னொன்று கரிய குன்றைச் சுற்றி வரும். மூன்றாவது உச்சிக்கு ஏறும். நான் எண்ணியபடி 1,412 காலடி, என் முழங்கால்களின் கணக்கில் அதைவிடக் கூடுதல். சைக்கிள் பாதைகளில் ஒன்று கரையோரமாகத் தட்டையாகப் போகும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மற்றது மலைக்குள் வளைந்து வளைந்து போவது, மூன்று கிலோமீட்டர் இருநூறு மீட்டர். என் எரிச்சல் முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியது.

அபுதாபியிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் பஸ், பிறகு நாற்பது நிமிடம் படகு. தீவின் நடுவில் இருக்கும் மலைகளைப் பூமிக்கு அடியிலிருந்து உப்பு முட்டித் தள்ளியதாகச் சொன்னார்கள். வரும் வழியில் அந்த உப்பு பழைய எரிமலைப் பாறைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாம். கறுப்பு, துருச் சிவப்பு, சில இடங்களில் கத்தரிக்காய் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ எரித்துவிட்டு அள்ளாமல் போன மாதிரி இருக்கும். இதைப் பார்ப்பதற்கு ஆட்கள் பணம் கொடுத்து வருவார்கள் என்பதை நான் முதல் வாரத்தில் நம்பவில்லை.

எங்கள் கம்பெனி ரோடு போடும் கம்பெனி. என் வேலை அளவு எடுப்பது. ஜுபைலில் பதினோரு வருடம் குழாய்களை எண்ணினேன், குவைத்தில் ஆறு வருடம் நடைபாதைக் கற்களை எண்ணினேன், இங்கே எல்லாவற்றையும் எண்ணுகிறேன். ஒரு வேலை தொடங்குமுன் வரைபடத்தைப் பார்த்து, எத்தனை மீட்டர், எத்தனை கம்பம், எத்தனை ஆள் என்று அளவுப் பட்டியல் போடுவேன். ஃபோர்மேன் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை வாங்குவார். அறுபத்து நான்கு வயதில் என்னை இன்னும் வைத்திருப்பது இதற்காகத்தான். வருடத்துக்கு ஒரு முறை விசா புதுப்பிக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை இந்த ஆள் வேண்டுமா என்று ஒருவர் யோசிப்பார். அந்த வருடம் அது மார்ச்சில் வந்தது. நான் சொல்வது ஜனவரி.

மலைச் சைக்கிள் பாதைக்கு நான் போட்ட பட்டியலில் நான்கு வரி இருந்தது. ஒன்றரை மீட்டர் அகலம். கை முஷ்டியைவிடப் பெரிய கல் எல்லாம் அகற்ற வேண்டும். மேடு பள்ளம் நிரவ வேண்டும். இரு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கல் வரிசை. முந்தைய ரோடு வேலையிலிருந்து அப்படியே எடுத்து எழுதியது. பாதை என்றால் அதுதானே பாதை.

ஃபோர்மேன் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், குளச்சல் பக்கம். முதலில் பஹ்ரைனில் ஓர் அரபியின் படகில் மீன் பிடிக்க வந்தவர். கடலை விட்டுக் கட்டட வேலைக்கு மாறிப் பத்தொன்பது வருடம். அவருக்குக் கீழே எட்டு ஆட்கள், பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைக்காரர்கள். பன்னிரண்டு நாளில் அந்த மூன்று கிலோமீட்டர் சொச்சத்தைத் துடைத்து வைத்தார்கள். அகற்றிய கல் பிக்கப்பில் எழுபத்து நான்கு நடை போய் அடிவாரத்தில் மூன்று குவியலாகக் கிடந்தது. வெள்ளைக் கல் வரிசைக்கு நடுவே அந்தப் பாதை மந்திரி வருகைக்குத் தயாரான மாதிரி இருந்தது. ஃபோர்மேன் அதை நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அவருக்கு அந்த மாதம் ஊருக்குப் போக வேண்டும். மூத்த மகளுக்குக் கல்யாணம். அவர்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம். அவர் டிக்கெட் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்கு. பாதைகளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை ஒப்படைப்பு. பாதைகளைத் திட்டமிட்ட கன்சல்டன்ட் அம்மா, ஐரோப்பாவில் எந்த நாடோ, ஐம்பது வயது இருக்கும், தன் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். நடைபாதை மூன்றையும் அரை நாளில் சரி என்றுவிட்டார். மலைச் சைக்கிள் பாதையில் நூறு மீட்டர் போயிருப்பார்; இறங்கினார். கல் எங்கே என்று கேட்டார். எங்கேயோ ஒரு கல்லை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் தரையைத் தேடினோம். ஃபோர்மேன் ஓடிப்போய், மார்பை நிமிர்த்தி, “நோ ஸ்டோன், மேடம். ஃபுல் கிளீன்” என்றார்.

அந்த அம்மா ஒரு வெள்ளைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கையில் சுண்ணாம்பு ஒட்டியதைப் பார்த்தார். பிறகு கோபப்படாமல் விளக்கினார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இந்தக் கல்லில் ஏறி, அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பி, திக்கித் திணறிப் போவதற்காகத்தான் ஆட்கள் கடல் தாண்டி வருகிறார்கள்; வழுவழுப்பான ரோடு அவர்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. எடுத்த கல்லையெல்லாம் பழையபடி வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போனார்.

அவர் போனதும் மேனேஜர், ஹைதராபாத்காரர், யார் சொல்லிக் கல்லை எடுத்தாய் என்று ஃபோர்மேனிடம் ஹிந்தியில் கத்தினார். அளவு ஷீட்டில் இருந்தது என்றார் ஃபோர்மேன். வரைபடத்தில் என்ன இருந்தது என்று மேனேஜர் திருப்பிக் கேட்டார். ஃபோர்மேன் வரைபடம் பார்ப்பதில்லை. அதைப் பார்த்து எழுதிக் கொடுப்பது நான். கல் முழுக்கத் திரும்பி வரும் வரை லீவு மாஃபி, கலாஸ், லீவு கிடையாது, அவ்வளவுதான் என்று மேனேஜர் கையை உதறினார். நான் இரண்டு மீட்டர் தள்ளி நோட்டுப் புத்தகத்துடன் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலை கேம்ப் ரூமில் வரைபடத்தை விரித்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் பதினான்கு குறிப்புகள். பட்டியல் போட்ட அன்றைக்கே அவை பதினான்கு என்று எண்ணியிருக்கிறேன். ஒன்பதாவதைப் படிக்கவில்லை. சைக்கிள் பாதையில் இயற்கைத் தரையை மாற்றக் கூடாது, கல்லை அசைக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. வரைபடத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மார்ச்சை நினைத்தேன். மறைப்பதற்கில்லை, அதைத்தான் நினைத்தேன்.

வெள்ளியும் சனியும் ஆட்கள் குவியலிலிருந்து கல்லை அள்ளி வந்து பாதையில் கொட்டினார்கள். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், “எங்க ஊர்ல ரோட்டுல கல்லு கெடக்குன்னு மனு குடுப்போம். இங்க கல்லு இல்லைன்னு மனு குடுக்குறாய்ங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ஃபோர்மேன் தவிர. ஞாயிற்றுக்கிழமை ஊரில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.

திங்கட்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார். இந்த முறை சைக்கிளில் ஏறவே இல்லை. பாதை முழுவதும் தேங்காயை உடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அந்தத் தீவின் கல்லுக்கு மேல்பக்கம் வெயில் பட்டுப் பட்டுக் கன்னங்கறேலென்று இருக்கும். மண்ணுக்குள் இருந்த பக்கம் வெளிறிப் போயிருக்கும். நாங்கள் கொட்டியதில் பாதிக்கு மேல் வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்த்தது. அதுவும் தளர்வாகக் கிடந்தது. டயர் பட்டால் உருளும். ஒவ்வொரு கல்லும் கறுப்பு முகம் மேலே வர, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் உட்கார வேண்டும் என்றார். பக்கத்தில் யாரும் தொடாத சரிவைக் காட்டி, அதைப் பாருங்கள், அப்படி, என்றார்.

பத்து மீட்டருக்கு எத்தனை கல் என்று அந்தச் சரிவில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. மூவாயிரத்து இருநூறு மீட்டருக்கு 9,920. களைக்கொத்து மாதிரி சிறு கொத்தால் பள்ளம் பறித்து, கல்லைத் திருப்பி, உட்கார வைத்து, மண் அணைக்க ஓர் ஆளுக்கு நாளைக்கு நூற்றுப்பத்து கல். எட்டு ஆளுக்கு 880. பன்னிரண்டு நாள். செவ்வாய் தொடங்கினால், ஞாயிறு கழித்து, கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை முடியும். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கு தப்பாக இருக்கக் கூடாதா என்று என் வாழ்நாளில் முதல் முறையாக ஆசைப்பட்டேன். சரியாகத்தான் இருந்தது.

ஃபோர்மேன் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு விரல் விட்டு நாளை எண்ணினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “சாரே, ஒங்க ஷீட்டுல அன்னைக்கு என்ன எழுதியிருந்துன்னு ஒருக்கா பாருங்க. கல்லை எடுக்கணும்னுதான இருந்து?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். கரிய குன்றின் அடியில் இருந்த நிழல் கூரைக்குக் கீழே அவர் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கை முழுக்க மண் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கல்லின் மேல் வைத்திருந்தார். அண்ணன் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையைக் கோயிலில் நிறுத்தட்டும், தாலி கட்டும்போது நான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் அழுகை இல்லை, கத்தல் இல்லை. வறண்ட குரலில் ஒன்றுதான் கேட்டார் மனைவி.

“ஓலையில ஒங்க பேரைச் சொல்லித்தான வாசிக்காவ. ஆளு மட்டும் வேறயா வந்து நிக்குமா?”

அவர் மண் கையாலேயே போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தார். எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் அழகாக இருக்கும். வந்தது எரிச்சல். அந்த ஐரோப்பிய அம்மா மேல், பொடி எழுத்தில் குறிப்பு அச்சடித்தவன் மேல், போனை ஸ்பீக்கரில் போட்டவர் மேல்கூட. ஒவ்வொருவரையாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நான்தான் மிஞ்சினேன்.

புதன்கிழமை காலை பட்டியலையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு மேனேஜரின் கேபினுக்குப் போனேன். ஒன்பதாவது குறிப்பின் மேல் விரலை வைத்து, இதை நான் படிக்கவில்லை, தப்பு ஃபோர்மேனுடையது அல்ல என்றேன். இதைச் சொல்ல ரூமிலிருந்து ஆறு வாக்கியம் தயார் செய்து வந்திருந்தேன். இரண்டே போதுமானதாக இருந்தது. அவர் என்னைச் சித்தப்பா முறையில் சாச்சா என்று கூப்பிடுவார். இதை வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் எனக்குத் தொண்டையாவது மிஞ்சியிருக்குமே சாச்சா என்றார். மார்ச் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. யார் தப்பு என்பது அவருக்கு வேண்டியதில்லையாம். கல் பக்கத்தில் பொறுப்பாக ஒருத்தர் நிற்க வேண்டும், அதுதான் வேண்டுமாம்.

நான் நிற்கிறேன் என்றேன். என் முழங்காலைப் பார்த்தார். பிறகு லீவுத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளை நானே கொண்டுபோய் ஃபோர்மேனிடம் கொடுத்தேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்தான். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ஆறு நாளு” என்றார். “அவரு எங்கிட்ட அந்தக் கத்து கத்தும்போ நீங்க எங்க நின்னிய? பக்கத்துலதான நின்னிய.”

விசா என்று ஆரம்பித்தேன்.

“வேண்டாம் சாரே. ஒண்ணும் சொல்லாண்டாம்.”

எட்டுப் பேர் கொத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் கையில் தன் கொத்தைக் கொடுத்தார். கல்லை இப்படிப் பிடிக்க வேண்டும், பள்ளத்தைக் கல்லைவிடச் சிறியதாகப் பறிக்க வேண்டும் என்று இரண்டு முறை செய்து காட்டினார். குரலில் கோபம் இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவனிடம் பேசுவது போல இருந்தது. வியாழக்கிழமை மாலைப் படகில் கிளம்பினார். எட்டுப் பேருக்கும் கல்யாணப் பத்திரிகை கொடுத்திருந்தார். மேனேஜர் மேசையிலும் ஒன்று இருந்தது. எனக்கு இல்லை.

அவர் போன பிறகு வேலை மெதுவானது. எனக்குக் குனிந்தால் நிமிர நேரம் ஆகும். நிமிர்ந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவர்கள் வைத்த கல்லை நான் எண்ணுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எண்ணாமல் எனக்கு நிற்கத் தெரியாது. ஒரு நாள் சிவகங்கைக்காரர் ஒருவர் வெள்ளைப் பக்கம் மேலே இருந்த ஒரு கல்லைக் காட்டி, இதுக்கு எத்தனாவது குறிப்பு சார் என்று கேட்டார். நானே குனிந்து அதைத் திருப்பி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை வரை வைத்தது 4,212. மிச்சம் 5,708. பத்து மணித் தேநீருக்கு உட்கார்ந்தபோது எட்டுப் பேரின் போனும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. ராமநாதபுரத்துக்காரர் என் பக்கம் போனை நீட்டினார். கோயில் வாசல், வெள்ளைச் சேலையும் முக்காடுமாக அந்தப் பெண், பக்கத்தில் ஃபோர்மேன், இறுக்கமான கோட்டில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி. பெண்ணின் கை அவர் முழங்கையைப் பிடித்திருந்தது.

“ஒங்களுக்கு வரலையா சார்?”

“வந்தது” என்றேன்.

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. அந்த மனிதர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஆனாலும் அன்று முழுவதும் என்னிடம் இருந்தது நிம்மதி அல்ல; அந்த இரண்டு வாக்கியத்தை ஆறு நாள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்த போட்டோ என் போனுக்கும் வந்திருக்கும் என்ற எரிச்சல். தேநீருக்குப் பத்து நிமிடம், பதினான்கு ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் கொத்தை எடுத்துக்கொண்டு, கைக்கு எட்டிய முதல் கல்லின் முன்னால் மண்டியிட்டேன்.