தாம்போதியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி

மட்டக்களப்பு வாவி இதுவரைக்கும் மார்கிறட் அக்காவைக் கேட்காமல் ஒரு விரற்கடை கூட ஏறியதில்லை. கடல் பெருகுவதற்கு முன் அவருக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கும். மழை மேகங்கள் கல்குடாப் பக்கமாக வந்து, அக்காவின் கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் இறங்கும். சந்திரனுக்கு ஆள் அனுப்பியவர்கள் ஒரு வயர் கழன்றால் இவருக்குத்தான் போன் எடுப்பார்கள். கையில் இருக்கிற போன் றீலோடைப் போட்டு முடிக்காமல் அக்கா பதில் சொல்ல மாட்டார்.

இவ்வளவும் உண்மை. சின்னச் சின்னத் திருத்தங்கள் இருக்கின்றன. அக்கா ஓ.எல். பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். வயது நாற்பத்தொன்று. புருஷன் கட்டாரில். புளியடித்துறைச் சந்தியில் போட்டோக் கொப்பியும் லமினேற்றிங்கும் செய்கிற கடை அவருடையது. நான் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறவள், பதினெட்டு வயது முடிந்துவிட்டது, ஆகவே என் சாட்சியை நீங்கள் நம்பலாம்.

எங்கள் ஊர் புளியடித்துறை, சித்தாண்டியிலிருந்து வாவிப் பக்கமாகச் சைக்கிளில் இருபது நிமிடம். ஊர் முடிகிற இடத்தில் ஒரு தாம்போதி. தண்ணீர் கூடினால் முதுகின் மேலால் ஓடவிட்டுவிட்டுப் பேசாமல் கிடக்கும் தாழ்ந்த பாலம் அது. அதைத் தாண்டி இரண்டு மைல் போனால் எங்கள் வட்டை. ஊராரின் வயல்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிற வெளி. வேறு பாதை கிடையாது. தாம்போதி மூழ்கினால் அங்கே நிற்கிறவர்கள் நின்றதுதான். அடுத்த மணித்தியாலத்தில் வட்டையும் வாவியாகிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒருநாள் அகப்பட்டவர் அக்கா. உரம் வைக்கிற கொட்டிலின் கூரையில் பதினாறு ஆடுகளோடு இரண்டு நாள் இருந்தார். கூரையில் இருக்கும்போதுதான் அவருடைய போனுக்கு, தாழ்நிலத்தில் உள்ளவர்கள் அவதானமாக இருக்கவும் என்று ஒரு செய்தி வந்தது. "ஒரு எழுத்துப்பிழை இல்ல புள்ள," என்று இன்றைக்கும் அதை மெச்சுவார்.

இறங்கி வந்தவர் ஆறு மாதம் கடையில் யாருடனும் சரியாகப் பேசவில்லை. போனில் வீடியோ பார்த்தார். பாதி இங்கிலிஷ், பாதி ஹிந்தி. இரண்டும் அவருக்கு விளங்காது. திரையில் தெரிந்த கணினிக் கட்டளைகளை, கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி, எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத் தட்டினார். அரைப்புள்ளி ஒன்று விடுபட்டதற்காக நான்கு நாள் சோறு இறங்காமல் இருந்தார். கடைசியில், இடிபட்ட காரொன்றின் பின்பக்கத்திலிருந்து, கார் பின்னுக்கு வரும்போது கீ கீ என்று கத்தவைக்கிற உணரியைக் கழற்றி வந்து, பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியில் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருக்கும். அதை ஒரு சிம்மோடும் சின்னச் சோலர் தட்டோடும் தாம்போதி ஓரத்துக் கம்பத்தில், தண்ணீருக்கு மேலே நீட்டிய இரும்புக் கையில் கட்டினார்.

வேலை லேசானது. பெட்டி காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கீழே போடும். சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பும். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறதோ அதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்று சொல்லும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம். நிலைமை மோசமென்றால் அறுபத்து மூன்று போன்களுக்குச் செய்தி போகும்.

முதல் மாதம் நீர்க்காகம் ஒன்று அதன் கீழால் பறந்ததற்கு வெள்ளம் என்றது. அக்கா அதற்கும் வழி கண்டார். ஐந்து தரம் அளக்கச் செய்து, கூடச் சொன்னதையும் குறையச் சொன்னதையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதை மட்டும் எடுத்தார். பறவை ஒரு தரம் ஏமாற்றும். ஐந்து தரம் ஏமாற்றாது.

ஐந்து தரமும் ஏமாற்றக்கூடிய ஒன்று ஊரில் இருந்தது. அது நான்.

ஜனவரியில் ஒரு வெயில் நாள். அம்மா நெல் புடைக்கிற சுளகை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பக்கமும் தங்கூசி நைலோன் நூல் கட்டி, மட்டமாக, பெட்டிக்கு நேர் கீழே தொங்கவிட்டேன். சும்மா தொங்கவிடுவது படிக்காதவர்கள் செய்கிற வேலை. நான் நூலைச் சாண் சாணாக அளந்து ஆறு முடிச்சுப் போட்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முடிச்சு மேலே இழுத்தேன். வெள்ளம் படிப்படியாகத்தானே ஏறும்? ஒரு மணித்தியாலத்தில் ஆறு சாண். அறுபத்து மூன்று போன்களும் கத்தின.

வட்டையில் காவல் நின்றவர்கள் வயலை விட்டு விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். தாம்போதியில் கொக்கு ஒன்று முழங்கால் நனையாமல் நின்றது. நான் பற்றைக்குள் இருந்து வயிறு நோகச் சிரித்தேன். சுளகு கை தவறி வாவியோடு போனதுகூட அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

சிரிப்பு பின்னேரம் நின்றது. காவல் இல்லாத வட்டைக்குள் மாட்டுப் பட்டி ஒன்று இறங்கிவிட்டிருந்தது. கதிர் விட்ட பயிர். அதிகம் போனது என் அப்பாவுடையது.

அப்பா கடைக்கு வந்து, சனம் பார்த்திருக்க, அக்காவிடம் சொன்னார்: "மார்கிறட், உன்ட முயல் பெட்டியக் கழட்டி அதுக்குள்ள சோத்தப் போட்டுத் தின்னு. இனி வாவி எங்கட வாசலுக்கு வந்து கதவத் தட்டினாலும் உன்ட மெசேஜுக்கு நான் அசைய மாட்டன்."

இருபத்திரண்டு பேர் தங்கள் நம்பரை எடுத்துவிடச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று மிக்சர் தின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கடைக்குப் போனேன், போன் சார்ஜ் போட. எங்கள் வீட்டிலும் கரண்ட் இருக்கிறது, அது வேறு கதை. அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் கையை விரித்துப் போட்டோக் கொப்பிக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். "புது மை போட்டிருக்கன், கறுப்பு விழுதா எண்டு பாக்கத்தான்." ஊரில் பாதிப் பேரின் உள்ளங்கை அவருடைய மேசை லாச்சிக்குள் போனது. என்னை மட்டும் கேட்கவில்லை. நடுவில் ஒருநாள் அம்மாகூட வந்து, சுளகைக் காணவில்லை என்று புலம்பி, கையையும் வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள். மூன்று நாள் அடைமழை விட்டு, காலையிலிருந்து வெயில். பகல் ஒன்று நாற்பதுக்கு அக்காவின் போன் கத்தியது. தாம்போதியின் முதுகுக்கு ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர் மிச்சம்.

நான் வெளியே பார்த்தேன். வானம் கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது.

"வெயில் எறிக்குதே அக்கா?"

"மேல பெஞ்ச மழை புள்ள. குளம் நிரம்பி வழிஞ்சு வான் பாயுது. அது இப்பதான் நம்மளிட்ட வருது."

ஒன்று ஐம்பதுக்கு நாற்பத்தேழு. இரண்டு மணிக்கு முப்பத்து மூன்று.

வட்டையில் அப்போது எட்டுப் பேர். என் அப்பா ஜெயராஜா, இழுவைப்பெட்டி பூட்டிய உழவு மெசினோடு எல்லாருக்கும் அண்ணன் முறையான ஏறாவூர் அசனார் காக்கா, இன்னும் ஆறு ஊர்க்காரர்கள். அந்தச் சேற்றில் மெசினுக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தாம்போதி தெரியாது.

அக்கா அப்பாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணன், தண்ணி வருது. அரை மணித்தியாலம்தான் இரிக்கு. எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாங்க."

"மார்கிறட், இஞ்ச வெயிலுக்கு முதுகு எரியுது."

"மேலால வருது அண்ணன். கர்த்தர் சத்தியமா."

"அண்டைக்கும் சத்தியமாத்தானே மெசேஜ் போட்டாய்? நாங்க வர, மறுகா மாட்டுக்கு விருந்து. வைகா போன."

மற்ற இருவருக்கு எடுத்தார். ஒருவர் சிரித்தார். அசனார் காக்கா எடுத்து, "தங்கச்சி, ஜெயராஜா வாற எண்டா நானும் வாறன். மெசின் அவர்ட வேலைக்குத்தானே நிக்குது," என்றார்.

அக்காவின் முகம் வியர்த்திருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிள் சாவியைத் தேடினார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"போய்க் கூட்டி வாறன்."

"சைக்கிள்லயா? நீங்க போய்ச் சேரக்குள்ள தாம்போதி இரிக்காது!"

"இரிந்தா என்ன, இல்லாட்டி என்ன? எட்டு உசிரு புள்ள. கூரையில இரிந்து பாத்தவளுக்குத்தான் அது தெரியும்."

அன்றைக்கு நடந்தது நான் செய்த வேலை, பெட்டி பிழையில்லை என்று அப்பாவிடம் சொல்லலாம். வாயைத் திறந்தும் பார்த்தேன். ஆனால் அப்பாவை எனக்குத் தெரியும். அக்காவுக்காகப் பொய் சொல்கிறாய் என்பார். நம்பினாலும் என்னை ஏசி முடிக்கப் பத்து நிமிடம் போகும். வாவி பத்து நிமிடத்துக்குப் பதின்மூன்று சென்ரிமீற்றர் ஏறிக்கொண்டிருந்தது.

என் போனை எடுத்தேன். இரண்டு ஐந்து.

"அப்பா, நான் மேர்லின். நான் ஒரு பொடியனோட போறன். என்னத் தேட வேணாம்."

அந்தப் பக்கம் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது.

"என்னடி சொல்றாய்?"

"சந்தியில நிக்கிறன். ரெண்டரை பஸ்ஸுக்கு ஏறுறம். அம்மாட்டச் சொல்லுங்க." வெட்டினேன்.

அக்கா கையில் சாவியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே தாம்போதிக்கு ஓடினேன். அவரும் பின்னால் வந்தார்.

அப்பா வருவார் என்று தெரியும். மற்ற ஏழு பேரும் வருவார்களா? காவலுக்கு ஒருவரை விட்டுவிட்டு வந்தால்? ஜெயராஜாவின் மகள் ஓடுகிறாள் என்றால் அதைப் பார்க்காமல் எவனும் வயலில் நிற்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகவும் சொன்னேன் போலிருக்கிறது. "ஓம், நிக்க மாட்டான்," என்றார் அக்கா.

இரண்டு பத்துக்கு இருபது. இரண்டு இருபதுக்கு எட்டு. தாம்போதி ஓரத்து வெள்ளைக் கற்களின் கால்களைத் தொட இன்னும் கொஞ்சம்தான். தண்ணீர் சத்தம் போடவில்லை. காய்ந்த சாணியையும் ஒரு வாழைக் குற்றியையும் தள்ளிக்கொண்டு மண்ணிறமாக வந்தது.

பிறகு தண்ணீர் தாம்போதிக்கு மேலால் பாயத் தொடங்கியது. அப்போதுதான் மெசின் சத்தம் கேட்டது.

அசனார் காக்கா நிற்பாட்டவில்லை. நிற்பாட்டியிருந்தால் யோசித்திருப்பார், யோசித்திருந்தால் வந்திருக்க மாட்டார். சில்லுகள் தண்ணீரைப் பிளந்தன. நடுவில் இழுவைப்பெட்டி ஒரு பக்கம் சறுக்கியது. பெட்டிக்குள் ஒருவர் மாதாவைக் கூப்பிட்டார், இன்னொருவர் முருகனை. அக்கா என் கையைப் பிடித்தார், நகம் இறங்கியது. நான் தலைகளை எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். ஏழு. காக்காவை எண்ண மறந்திருந்தேன். எட்டு.

கரையேறியதும் அப்பா குதித்தார். கையில் வேலித் தடி.

"எங்கடி அவன்?"

"ஆரு?"

"பஸ்ஸு!"

"இண்டைக்கு ரெண்டரைக்கு பஸ் இல்லையே அப்பா."

தடி உயர்ந்தது. அசனார் காக்கா பின்னாலிருந்து, "ஜெயராஜா, கிறுகிப் பாரு," என்றார்.

அப்பா திரும்பினார். வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசிக் கல்லின் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு வாவி மட்டும்தான்.

அவர் தடியைக் கீழே போடவில்லை. அதை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு அக்காவைப் பார்க்காமல் சொன்னார்: "இந்தமுறை உன்ட பெட்டி சரியாச் சொல்லிட்டு. அண்டைக்கு என்ன வந்ததாம் அதுக்கு?"

"மெசின்தானே அப்பா," என்றேன் நான் அவசரமாக. "சில நேரம் பிழைக்கும்."

அக்கா என் கையை விடாமலே கடைக்குக் கூட்டிப் போனார். கதவைப் பாதி சாத்தினார். போட்டோக் கொப்பி மெசினின் மூடியைத் திறந்தார்.

"கைய விரிச்சு வை."

"கறுப்பு விழுதா எண்டு பாக்கவா?"

"ஓம்."

வைத்தேன். வெளிச்சம் விரல்களுக்குக் கீழால் போனது. தாள் சூடாக வந்தது. அக்கா அடிமட்டத்தைப் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு வைத்தார். பிறகு போனைத் திருப்பிக் காட்டினார்.

"இது இண்டைக்குப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஏறினது. பதினொண்டு, பதினாலு, பதின்மூண்டு, பன்னிரண்டு, பதினாலு. தண்ணி இப்பிடித்தான் ஏறும், கணக்கில்லாம. இது அண்டைக்கு. வாசி."

இருபத்தொன்று. இருபத்தொன்று. ஆறு தரமும் இருபத்தொன்று.

"அதோட, தண்ணி ஒரு இடத்தில நிக்காது, அலம்பிக்கொண்டே இரிக்கும். அண்டைக்கு அலம்பல்ல. தட்டையான சாமான் ஒண்டு. ஆரோ சாண் அளந்து தூக்கியிரிக்கு." அடிமட்டத்தில் விரலை வைத்தார். "நீயா இரிக்கக் கூடாது எண்டுதான் உன்ன மட்டும் கேக்காம வச்சிரிந்தன். ஆனா இண்டைக்கு நீ ஒரு மூச்சில கட்டின பொய்யக் கேட்ட உடனே விளங்கிற்று."

நான் தாளைப் பார்த்தேன். இருபத்தொன்றுதான். ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

"அக்கா, இந்த அளவுக் கை ஊருக்குள்ள எத்தனையோ பேருக்கு இரிக்கும்."

"நாலு பேருக்கு இரிக்கு," என்றார், லாச்சியைத் திறந்து கொப்பிகளைக் காட்டி. "சுளகக் காணாத வீடு ஒண்டுதான்."