ரோதை முனிக்கு உடைத்த தேங்காயும் ஒரு வெளிநாட்டுப் போட்டியும்

தோற்றுத்தான் திரும்புவார்கள் என்று ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்த ஒரு பயணத்துக்குப் பெற்ற பிள்ளையை அனுப்பலாமா? சில வாரங்களாக இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன், பாடக் குறிப்பு எழுதுகிறேன், பஸ்ஸுக்கு நிற்கிறேன். பஸ்ஸாவது எப்படியோ வந்துவிடுகிறது. பதில் வரவில்லை.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். மகள் என் பாடசாலையிலேயே ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை வருடம். அந்த வருடத்தில் எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு வேறு உலகம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட எந்தப் பாடம் விடுபட்டது என்பதுதான் முதல் கவலை. நானும் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்துதான் வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போனேன். அது இல்லாவிட்டால் நான் என்னவாகியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே மாட்டேன்.

இந்த வருடம் பார்த்துத்தான் அந்த அழைப்பும் வந்தது. மகள் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தில் ஆடுகிறாள். கழகம் என்பது பெரிய வார்த்தை. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் சிறுமிகள், ஒரு சிங்கள விளையாட்டு ஆசிரியர், காற்று அடிக்க அடிக்க இறங்கும் சில பந்துகள், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து மைதானத்தில் பயிற்சி. அந்தக் கழகத்தைத் திருச்சியில் நடக்கும் சிறுவர் போட்டி ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வாரப் பயணம். திரும்பி வந்தால் பரீட்சை வாசலில் நிற்கும்.

செய்தி லயத்துக்குள், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், நுழைந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்று சிரித்தார்.

“நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் அங்கேருந்து நடந்து வந்தாங்க டீச்சர். இப்ப நம்ம புள்ள பறந்து போகுது. போறப்ப நம்ம சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டு வரச் சொல்லுங்க.”

“இன்னும் முடிவு பண்ணலக்கா.”

“அது என்னா பெரிய முடிவு? ஏறி உக்காந்தா அதுவா போகுது.”

மகளுக்கு வேறு சந்தேகம். அவள் ஒரு சோடிக் காலுறையைச் சுருட்டிச் சுவரில் உதைத்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, நம்ம நாட்டு கிளப்பெல்லாம் வெளிநாட்டுக்குப் போயி வெளையாண்டிருக்காங்களா? ஜெயிச்சிருக்காங்களா?”

ஆசிரியை வீட்டில் கேள்வி கேட்டால் “தெரியாது” என்று விட்டுவிட முடியாது. தேடிச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலை அடுப்பில் பருப்பு வேக, போனை மிளகாய்ப்பொடிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். ஒன்றிரண்டு வெற்றிகளைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பருப்பு அடிப்பிடித்தது.

நான் வாசித்தவரையில் கதை இப்படித்தான் போகிறது. எண்பதுகளிலேயே நம் நாட்டின் சாம்பியன் கழகங்கள் ஆசிய மட்டத்துப் போட்டிகளுக்குப் போயிருக்கின்றன. வேலை முடிந்து மாலையில் பயிற்சி செய்கிறவர்கள், சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு எதிரே போய் நின்றால் என்ன நடக்குமோ அதுதான் பெரும்பாலும் நடந்தது. பிறகு ஆசியாவில் இன்னும் வளராத நாடுகளுக்கென்று தனியாக ஒரு கோப்பையை ஆரம்பித்தார்கள். என் வகுப்பில் நன்றாக ஓடுகிறவர்களைத் தனியாக்கிவிட்டு மற்றவர்களுக்கு ஒரு பந்தயம் வைப்பேனே, அதுமாதிரி. அதில் நம் கழகங்கள் சில போட்டிகளை வென்றன. வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தில் அந்தக் கோப்பையையே நிறுத்திவிட்டதாக இருந்தது.

அதற்குப் பிறகு பெரிய கோப்பையின் தகுதிகாண் சுற்றுதான். நேபாளத்துக் கழகம் ஒன்றை வென்று முன்னேறிய சந்தோஷத்தோடு கொல்கத்தாவுக்குப் போய், ஐந்து கோல்களை வாங்கிக்கொண்டு வந்த கதை இருக்கிறது. இன்னொரு வருடம், பலமான இந்தியக் கழகம் ஒன்றைக் கொழும்பில் ஒரு கோல்கூடப் போடவிடாமல் மறித்துவிட்டு, அங்கே போய் ஒரே ஒரு கோலில் வெளியேறிய கதையும் இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே, நிர்வாகத் தகராறில் உலகச் சங்கமே நம் நாட்டைச் சில மாதங்கள் வெளியே நிறுத்தி வைத்தது. போய்த் தோற்கக்கூட வழியில்லாத மாதங்கள் அவை.

இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நேபாளத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தலாமா? அது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் இதற்கெல்லாம் பாடம் நடத்தவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தியிருப்பேன் போல.

அவள் காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். “அந்த ஒரு கோலு எத்தனாவது நிமிசத்துல?”

“அதை நான் பாக்கலையே.”

“அதத்தானம்மா பாக்கணும்.”

இரவுச் சாப்பாட்டில் விஷயம் கணவரிடம் போனது. அவர் தலவாக்கலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு அணிக்கு ஒரு காலத்தில் கோல் காப்பாளர். கீழ்கணக்கு மக்களைக் கேட்டால் கோல் வழிகாட்டி என்பார்கள். தீபாவளிக்கு இரண்டு கணக்குகளும் மோதும். வென்றவர்களுக்குக் கிடா, தோற்றவர்களுக்குச் சேவல். எங்கள் வீட்டுக்குச் சேவல்தான் அதிகம் வந்திருக்கிறது.

“ஏங்க, நம்ம கழகங்கள் ஏன் வெளியில போனாத் தோக்குறாங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “அங்க கிரவுண்டு சமமா இருக்கும்.”

சிரித்துவிட்டேன். எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தேயிலை மலையின் இடுப்பில் வெட்டிய இடம். ஒரு கோல் கம்பம் மேலே, மற்றது கீழே. நாணயச் சுழற்சியில் வென்றவர்கள் முதல் பாதியில் மேல்நோக்கி ஆடக் கேட்பார்கள். களைத்த பிறகு இரண்டாம் பாதியில் இறக்கம் கிடைக்குமே! பந்து தேயிலைக்குள் உருண்டால் அடித்தவர்தான் இறங்கி எடுக்க வேண்டும். அதனால் எங்கள் பிள்ளைகள் யாரும் பலமாக அடிக்க மாட்டார்கள்.

“நீ சிரிக்கிற. நெசமாத்தான் சொல்றேன். நம்ம புள்ள பந்த உருட்டி விட்டா அது தானா போகும்னு நெனச்சிக்கிட்டிருக்கும். திருச்சில பந்து அங்கனயே நிக்கும்.”

“அப்ப அனுப்ப வேணாங்கிறீங்களா?”

“யாரு சொன்னா? போனாத்தானே தெரியும், பந்து நிக்கும்னு.”

இப்படிப் பேசுகிற மனிதரிடம் என்ன முடிவு கேட்பது? பரீட்சை என்று ஆரம்பித்தேன். “நீதானே டீச்சர், நீ சொன்னா சரி” என்று தட்டைக் கழுவப் போய்விட்டார். மரியாதை போலத் தெரியும். யோசித்துப் பார்த்தால், பந்தை என் பக்கம் உருட்டிவிட்டுப் போனதுதான்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வரும்போது, பரீட்சைக்காக ஒரு தேங்காய் உடைத்துவிடலாம் என்று தோன்றியது. மனம் குழம்பினால் எனக்குக் கோயில் வேண்டும். மாரியம்மன் கோயில் மேட்டில் இருக்கிறது. மழை, படிகளில் பாசி. அதனால் தொழிற்சாலைச் சுவரோரம் இருக்கிற ரோதை முனியிடமே நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் தேயிலை அரைத்த பெரிய ரோதைக்கு, அதுதான் அந்தச் சக்கரத்துக்கு, காவல் நின்ற சாமி. சக்கரம் போய் மோட்டார் வந்துவிட்டது. சாமி போகவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் முனியிடம் எதை வேண்டுமானாலும் கேட்போம். பல்வலிக்குக்கூட வேண்டியிருக்கிறேன்.

பூசாரி தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற பகுதியில் வேலை செய்பவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். சொன்னேன். சுற்றும் முற்றும் பார்த்தார்.

“பந்து எங்க டீச்சரம்மா?”

“பந்தா?”

“கொண்டாரலையா? சரி, பரவால்ல, மனசுல நெனச்சுக்குங்க.”

எனக்கு எங்கோ ஓர் இடறல். ஆனால் அவர் சூடத்தைக் காட்டிவிட்டார், கையை ஓங்கிவிட்டார். தேங்காய் சரிபாதியாக விழுந்தது.

“பாத்தீங்களா, எவ்ளோ சுத்தமா ஒடஞ்சிருக்கு! புள்ள நல்லபடியா போயிட்டு வரும்.”

அவர் மேலே சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. இந்தத் தோட்டத்தில் ரோதை முனிக்குத் தேங்காய் உடைப்பது பயணம் போகிறவர்களுக்கு மட்டும். அணி வெளியே ஆடப்போனால் பந்தை முன்னால் வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி உடைப்பார்கள். பெயர் சொல்லி உடைத்துவிட்டால் அந்த ஆள் போயே ஆக வேண்டும். உடைத்த பிறகு வயிற்றுவலி என்று நின்றுவிட்ட ஒருவரை இன்றும் ‘தேங்காய் ஏமாத்தி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்குப் பேரன் பிறந்தாயிற்று. கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

“அண்ணே, நான் வந்தது பரீட்சைக்கு...”

“பரீச்சைக்கு மாரியாத்தா இருக்காங்கள்ல?” அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. “சரி விடுங்க. ஒண்ணு சொல்றேன், இவருகிட்ட ஜெயிக்கணும்னு மட்டும் கேட்டுறாதீங்க. இவரு ரோட்டுக்குச் சாமி. போயிட்டு வர்றதப் பாத்துக்குவாரு. கோலு போடுறது இவரு வேலை இல்ல.”

நான் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி போய்விட்டது. லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடங்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். “கடைசில மனசு வந்துருச்சா டீச்சர்?” என்றார் ஒருவர். “நம்ம தோட்டத்துலேருந்து வெளிநாட்டுக்கு வெளையாடப் போற மொத ஆளு” என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா ஒரு படி மேலே போய், குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டரை அங்கே கொண்டுபோக வேண்டாம், வேர்த்துவிடும் என்று அறிவுரையே கொடுத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோர் முகத்திலும் அப்படியொரு சிரிப்பு. “மழ விட்டுருச்சுல்ல” என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் பயிற்றுநர், அந்தச் சிங்கள ஆசிரியர், போனில் அழைத்தார்.

“மிஸ், தேங்காய் கதை கேட்டேன். சந்தோஷம். ஆனா தேங்காய் உடைச்சதுக்காக நான் லிஸ்ட்ல பேர் போட மாட்டேன். நீங்க சொன்னாத்தான் போடுவேன். ஸ்கூல் தவணை முடியறதுக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற பிள்ளை இருக்கு, அவங்க அம்மாவுக்கும் நான் சொல்லணும்.”

நல்ல மனிதர். வற்புறுத்தியிருந்தால் கோபித்துக்கொண்டு மறுத்திருப்பேன். அந்த வசதியையும் எனக்குத் தரவில்லை.

அன்று பயிற்சி முடிந்து வந்த மகள், சப்பாத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, நீங்க சரின்னு சொன்னீங்களா, இல்ல தேங்காதான் சொல்லிச்சா?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “தேங்காய்தான்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“அப்ப நீங்க இன்னும் யோசிக்கிறீங்க.”

“ஆமா. தோத்துட்டு வந்தா மனசு ஒடஞ்சு, பரீட்சையும் போயிடுமோன்னு பயமா இருக்கு.”

“நாங்க போன மாசம் ஹட்டன்ல ஆறு கோல் வாங்கினோம்மா. அதுக்கடுத்த திங்கக்கெழம கணக்குல நான்தான் ஃபர்ஸ்ட்டு. நீங்கதானே திருத்துனீங்க.”

உண்மைதான். அந்த விடைத்தாளில் சரி போட்ட கை என்னுடையது. ஆனால் ஹட்டன் என்பது பஸ்ஸில் போய், தோற்று, வழியில் வடை தின்று, பொழுது சாயும்முன் வீடு வந்து சேரும் தோல்வி. திருச்சித் தோல்வியை அவள் நான் பக்கத்தில் இல்லாத ஏதோ ஓர் அறையில், தெரியாத தலையணையில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். நான் பயப்படுவது அந்தத் தலையணைக்குத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. பரீட்சையைச் சாக்காகச் சொல்கிறேனோ என்னவோ. அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பரீட்சையும் பரீட்சைதானே.

இப்போது புதிதாக ஒன்று நடக்கிறது. காலையில் நான் தேநீர் போடும்போதே அவள் எழுந்து, யாரும் சொல்லாமல் மாதிரி வினாத்தாளை எடுத்து உட்காருகிறாள். முன்பெல்லாம் கெஞ்சினாலும் நடக்காது. பார்த்தால் சந்தோஷம் வர வேண்டும். எனக்குக் கேள்விதான் வருகிறது. நான் “போ” என்று சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறாளா, தனக்காக எழுதுகிறாளா? நான் மறுத்தால் அந்தத் தாள்களை மூடி வைத்துவிடுவாளா? சம்மதித்தால், எல்லாவற்றுக்கும் இப்படி முன்கூட்டியே உழைத்துக் காட்ட வேண்டும் என்று பழகிவிடுவாளா? கணவரிடம் கேட்டேன். “எழுதுறா, விடேன்” என்றார்.

தவணை முடிவதற்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. இதை வாசிக்கிறவர்களில் புலமைப்பரிசில் வருடத்தில் பிள்ளையை விளையாட்டுக்கோ வேறெதற்கோ வெளியே அனுப்பிய தாய்மார் இருப்பீர்கள். அனுப்பாமல் நிறுத்தியவர்களும் இருப்பீர்கள். வந்த பிறகு, அல்லது போகாத பிறகு, பிள்ளை எப்படி இருந்தது? மனப்பாடமான ஆறுதல் எனக்கு வேண்டாம், அதை நானே வகுப்பில் தினமும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுப் பயிற்றுநருக்கு அழைப்பு எடுக்கிறேன்.