ராஜாராமின் வலது ஸ்பீக்கர்

பெருநகர் கிராமத்து ராஜாராம் நெல் விவசாயி. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காது சும்மா இருக்குமா? வீட்டுக் கூடத்தில் ஹோம் தியேட்டர் வைத்தார். டிவிக்கு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், இரண்டுக்கும் சரியாக நடுவில் அவருடைய நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மாமனார் வந்தபோதுகூட ஓரத்தில்தான் இடம் கிடைத்தது.

தம்பி அரவிந்தனோடு பாகம் பிரிந்தபோதுதான் வினை வந்தது. நிலம், மாடு, அண்டா எல்லாவற்றையும் பிரித்து முடித்த ஊர்ப் பெரியவர்கள் கடைசியில் ஸ்பீக்கருக்கு வந்தார்கள்.

"ரெண்டு கீது, ரெண்டு பேர் கீறாங்க. ஆளுக்கு ஒண்ணு. இதுல இன்னா பேஜாரு?"

ஜோடியைப் பிரித்தால் இரண்டும் வீண் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் தெரியும். 'நீயே வெச்சுக்கோ' என்று அவன் சொல்லட்டும் என்று இவரும், இவர் சொல்லட்டும் என்று அவனும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடது அண்ணனுக்கு, வலது தம்பிக்கு. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஒற்றை ஸ்பீக்கரில் படம் பார்ப்பது ராஜாராமுக்கு ஒரு காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஜோடி தேடக் கிளம்பினார். இருப்பதைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினார். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொழந்தைக்கு எத்தினி வயசு? டிக்கெட் எடுக்கணுமே," என்றார்.

அங்கே ஸ்பீக்கர் கடை ஸ்ரீகாந்த் பார்த்தவுடனே கையை விரித்தார். "இந்த மாடலையே நிறுத்திட்டாங்கண்ணா. முன்னாடி வெக்கிற ஸ்பீக்கருங்க ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கணும். அப்பதான் குரல் ஒண்ணா சேரும். இதோட ஜோடி எங்க கீதுன்னு பாருங்க."

எங்கே இருக்கிறது என்று ராஜாராமுக்குத் தெரியாதா? வீம்புக்குப் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று படத்தில் இடது பக்கம் லாரியாகப் புறப்பட்டது, வலது பக்கம் போய்ச் சேரும்போது ஷேர் ஆட்டோவாகிவிட்டது. மறுநாள் சீரியலில் மாமியார்க்காரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திட்டிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. மனைவி சுதா கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, ரெண்டு வூடு தள்ளி கீற ஸ்பீக்கர வுட்டுட்டு எதுக்கு ஊர் ஊரா சுத்திகினு கீறீங்க? ஒரு வார்த்த கேட்டா வாய் இன்னா தேஞ்சா பூடும்?"

"அவன் வந்து பேசட்டும்."

"ஸ்பீக்கர் வேணும்னு தவிக்கிறது நீங்க. அவன் எதுக்கு வரான்?"

ராஜாராம் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ஆவணியில் கதிர் முற்றியபோது இன்னொரு கொடுமை சேர்ந்துகொண்டது. பக்கத்து வயல் அரவிந்தனுடையது. அவன் மோட்டார் கொட்டகையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வைத்து, அங்கிருந்து ஒயர் இழுத்து, வரப்போரம் ஒரு ஸ்டூல் போட்டு, கிளி விரட்டுவதற்கு அந்த வலது ஸ்பீக்கரை வைத்துவிட்டான். தன் குரலையே பதிவு செய்து ஓடவிட்டிருந்தான்.

"ஏய், இந்தாண்ட வராத. அந்தாண்ட போ. வெக்கமா இல்ல?"

ராஜாராம் வரப்பில் கால் வைக்கும்போதெல்லாம் அது சரியாகக் கத்தும். கிளிகள் பழகிப்போய் நிதானமாக நெல் தின்றன. சுருக்கென்று தைத்தது ராஜாராமுக்குத்தான். ஆனாலும் நின்று கேட்பார். தம்பி குரல் என்ன தெளிவாக வருகிறது என்று நினைத்துக்கொள்வார். அந்த ஸ்பீக்கரும் அவருக்கு வேண்டியிருந்தது, தம்பியும் வேண்டியிருந்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அரவிந்தன் மாமனார் ஊரான கூரத்துக்குப் போயிருந்தான். முதல் தூறல் விழுந்ததும் ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினார்.

"அந்தாண்ட போ. வெக்கமா இல்ல?" என்றது ஸ்பீக்கர்.

"இல்லடா," என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினார். சட்டையைக் கழற்றி ஸ்பீக்கருக்குப் போர்த்தி, தான் நனைந்துகொண்டே வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

துடைத்து வைத்தவர் அதோடு விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. அவசரத்தில் இரண்டு பக்க ஒயரையும் உருவி, புதியதை எடுத்துவிட்டு இதை மாட்டி, ஒரு பாட்டைப் போட்டார். பாடுகிறவர் நேராக டிவியின் நடுவில் வந்து நின்று பாடினார். ராஜாராமுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் நிழலாடியது. ஊர் திரும்பி, வயலில் ஸ்பீக்கரைக் காணாமல் தேடிக்கொண்டு வந்த அரவிந்தன் சொட்டச் சொட்ட நின்றான். அண்ணனைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான். ராஜாராம் திருட்டு முழி முழித்தார்.

"மழ வந்துச்சு," என்றார்.

அரவிந்தன் பாட்டைக் கேட்டான். அப்புறம், "லெஃப்டும் ரைட்டும் மாத்திக் குடுத்துகீறண்ணா. பாட்டுல வயலின் வாசிக்கிறது அந்தப் பக்கம்தான வரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, குனிந்து, தானே ஒயரை மாற்றி மாட்டினான். வயலின் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"கிளிக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார் ராஜாராம்.

"அதாண்ணா தெரியல."

ராஜாராம் மூலையில் கிடந்த புது ஸ்பீக்கரைக் காட்டினார். "அத்த எத்துகினு போ. கிளி ஜோடியெல்லாம் பாக்காது."

அரவிந்தன் சிரித்துக்கொண்டே துண்டால் தலையைத் துவட்டி, ஓரத்து ஸ்டூலில் உட்காரப் போனான். ராஜாராம் சட்டென்று எழுந்து, "இங்க குந்து," என்று நடு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சுதா இன்னொரு டம்ளர் காபிக்குப் பால் ஊற்றினாள்.

அவர் போய் உட்கார்ந்த ஓரத்து ஸ்டூலிலிருந்து கேட்க, இடது பக்கம் சத்தம் தூக்கலாகத்தான் இருந்தது. பாட்டு முடிகிறவரை ராஜாராம் அதைச் சரிசெய்ய எழுந்திருக்கவில்லை.