மச்சு வீட்டுப் பின்கட்டு

இரணியலிலிருந்து மண்டைக்காட்டுக்குப் போகும் வழியில் அந்த மச்சு வீடு இருந்தது. மிளகும் சுக்கும் கப்பலேற்றிச் சம்பாதித்த ஒரு வியாபாரி கட்டியது. இரண்டு தளம், ஆஞ்சிலி மரத்தில் படிகள், பின்கட்டில் அகலமான கிணறு. நான் போனபோது அவர் குடும்பத்தார் யாரும் அங்கே இல்லை. பேய்க்குப் பயந்து போனார்கள் என்றது ஊர். குடிவர ஆளில்லாததால் மிஷன் அதன் முன்பகுதியைக் குறைந்த வாடகைக்கு எடுத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஆசிரியையாகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது.

பேய் யார் என்பதில் ஊருக்கு ஒரே பேச்சு கிடையாது. பிள்ளையில்லாத ஏச்சு தாளாமல் வியாபாரியின் மருமகள் கிணற்றில் குதித்தாள் என்றார் எதிர்க்கடைக்காரர். குதிக்கவில்லை, தள்ளினார்கள் என்றார் தபால்காரர். செத்தவள் மருமகளே இல்லை, வேலைக்காரி, நிறைசூலி என்றாள் ஒரு மாணவியின் தாய். ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். உச்சி நேரத்தில் கிணற்றடியில் தண்டைச் சத்தம் கேட்கும், போய்ப் பார்த்தவன் இரத்தம் கக்கிச் சாவான். செத்தவள் யாரென்றே தெரியாதவர்களுக்கு அவள் வரும் நேரம் மட்டும் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று எனக்கு உறுத்தியது.

பள்ளிக்கூடம் பெருக்க ஒரு விதவை வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பின்கட்டுக்குள் போக வேறு யாரும் துணியாததால் அதன் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

"டீச்சரம்மா, உச்சைக்குப் பின்பக்கம் போவப்பிடாது" என்று முதல் நாளே சொன்னாள்.

"நீ போறியே?"

"நான் தாலியறுத்த கட்டை. என்னை அது என்ன செய்யும்?"

அந்த வருஷம் கோடை கொடியது. ஊர்க்குளம் சேறாகிக் கிடந்தது. ஒரு மாலை பின்கட்டுக் கதவிடுக்கில் பார்த்தபோது கிணற்றடிக் கல் நனைந்து, பக்கத்துச் சேம்பு பச்சைப்பசேலென்று நின்றது. யாரோ உள்ளே வந்து போகிறார்கள். பெருக்குகிறவள் மீது எனக்குச் சந்தேகம் விழுந்தது. வீட்டுக்காரர்கள் விட்டுப்போன செம்பு வார்ப்புப் பாத்திரங்கள் பின்கட்டில் உண்டென்று கேட்டிருந்தேன். ஆள் வைத்து ஒவ்வொன்றாகக் கடத்துகிறாள் என்றே முடிவு கட்டினேன்.

மறுநாள் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் மச்சுக்கு ஏறிப் பின்பக்கச் சன்னலை விரல்கடை திறந்தேன். சற்று நேரத்தில் தண்டை கேட்டது. "கர்த்தாவே" என்று வாய் முணுமுணுத்தது.

பின்மதிலின் இடிந்த பகுதி வழியாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடங்களோடு வந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பெருக்குகிறவள் பனையோலைப் பட்டையைக் கிணற்றில் இறக்கினாள். கயிறு நெடுக ஆட்டு மணிகள் கட்டியிருந்தன. அவள் இழுக்க இழுக்க அவை குலுங்கின. அதுதான் தண்டை. வந்தவர்கள் பனங்காட்டு ஓரத்துக் குடிசைக்காரர்கள். ஊர்க்கிணற்றின் கல்லைத் தொட்டாலே அடி விழும் சாதி. பெருக்குகிறவளும் அதுதான்.

தலையைத் தூக்கியவள் என்னைப் பார்த்துவிட்டாள். எல்லாரும் போன பிறகு படியேறி வந்து நின்றாள்.

"பேய்க்கதையை நீதான் கட்டினியா?"

"கதை முந்தியே உண்டு. உள்ளபடி, வீட்டுக்காரவிய சொத்துப் பாகத் தகராறுல பிரிஞ்சு திருவனந்தபுரம் போனவிய. நாங்க மணியை மட்டும் கெட்டினோம். நீங்க வெளிய சொன்னியன்னா நாளைக்கு மதிலை அடைச்சிருவாவ. பிள்ளையள் சேத்து வெள்ளம் குடிச்சுச் சாவும்" என்றாள்.

நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து வியாபாரியின் பேரன் வீட்டைப் பார்க்க வந்தார். வக்கீல். பெருக்குகிறவள் கதவைத் திறந்துவிட, நானும் கூடப் போனேன். வேறு யாரும் இல்லை. ஈரக் கல்லைச் செருப்பு நுனியால் தேய்த்துப் பார்த்தார்.

"இங்க யாரு வெள்ளம் கோருதா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வாறதில்ல சார்" என்றேன்.

"பின்ன இந்த ஈரம்?"

"தெரியாது சார். உச்சி நேரத்துல தண்டைச் சத்தம் கேக்கும். நானே கேட்டிருக்கேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்தவர், நம்பியிருக்கமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் சட்டென்று கிணற்றைவிட்டு நாலடி விலகினார். அன்றைக்கே திருவனந்தபுரம் திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் கூப்பிட்டார்.

"பேய்ச் சத்தம் கேட்டேன்னு நீ சொன்னதா ஊரெல்லாம் பேச்சு. உண்மையா?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சபையின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் குடிசைக்காரர்களைத் தங்கள் முற்றத்தில் ஏற்றாதவர்கள். போதகர் அவர்களிடம் சொல்லாமல் இருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

"சொன்னேன் ஐயா" என்றேன்.

அடுத்த வாரம் சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். அப்பமும் இரசமும் தரும் திருவிருந்தில் ஆறு மாதம் சேர்க்கவில்லை. பேயை நம்புகிறவள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்று வருஷம் கழித்து இரணியல் சந்தையில் பெருக்குகிறவளைக் கண்டேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிணத்துல வெள்ளம் உண்டா?"

"உண்டு டீச்சரம்மா. இப்ப காலையிலயும் கோருதோம். டீச்சரையே வெரட்டின பேயில்லியா, ஒருத்தனும் அங்கோட்டு எட்டிப் பாக்கமாட்டான்."

அவள் சிரித்தாள். எனக்கு வேறொன்று உறைத்தது. அன்று கிணற்றடியில் நின்றவர்கள் மூன்று பேர். வக்கீல் ஊரைவிட்டுப் போய்விட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் சொன்னதை ஊருக்குள்ள பரப்பினது யாரு?" என்று கேட்டேன்.

அவள் கையை விட்டாள். முகத்தைத் திருப்பவில்லை.

"நான்தான். நாங்க சொன்னா பழங்கதை. படிச்ச நீங்க சொன்னதுன்னா நெலைக்கும். உங்களை மாத்துவாவன்னு நெனைக்கல டீச்சரம்மா."

கடைசி வாக்கியத்தை நம்பலாமா கூடாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அத்தோடு வண்டியேறினேன். அந்தக் குடங்களை நினைக்கும்போது மனம் ஆறும். சபைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றதை நினைத்தால் மறுபடியும் கோபம் வரும்.