தங்க மூக்கு வயர்

சென்ற கிழமை என் மகன் எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று வாங்கக் கல்முனைக்குப் போனான். மருதமுனையில் இருக்கிற எங்களுக்குக் கல்முனை சைக்கிளில் போய்வருகிற தூரம்தான். அவன் போனதும் மழை பிடித்தது, கரண்ட் நின்றது. கைபேசியில் அவனை அழைத்தால், தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னேரம் அஸர் நேரத்தில் போனவன், இருட்டி மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும் வரவில்லை. அதற்குள் பிரதான வீதியில் ஓடுகிற பஸ்கள் எல்லாவற்றையும் நான் மனதுக்குள் அவன்மேல் ஏற்றி முடித்திருந்தேன்.

நனைந்த கோழி மாதிரி வந்து நின்றான். வயர் மட்டும் சட்டைக்குள் நனையாமல் இருந்தது.

"கடைக்கார காக்கா ரெண்டு வயரையும் கடை டீவியில போட்டுப் பாக்கச் சொன்ன, உம்மா. விலை கூடினதுட காசுக்குக் குறைஞ்சதுல பத்து வாங்கலாம். ஆனா ரெண்டிலயும் ஒரே படம்தான்."

"போனுக்கு என்ன?"

"சார்ஜ் இல்ல. டிஜிட்டல் எண்டா அப்பிடித்தான் உம்மா, வந்தா முழுசா வரும், வராட்டி ஒண்டுமே வராது. நான் குறைஞ்சதத்தான் வாங்கின."

நான் ஏசவில்லை. துவாயை எடுத்து அவன் தலையைத் துவட்டினேன். நோகுது என்றான். அப்படியும் விடவில்லை. இதை எழுதும்போதும் ஒரு காதை அடுத்த அறைப் பக்கமே வைத்திருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், அவன் அங்கே சத்தமாக ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வராது என்ற அவனுடைய கணக்கு இன்றைய வயருக்குச் சரியாக இருக்கலாம். என் சின்ன வயதில் வயர்கள் இவ்வளவு நேர்மையாக இருக்கவில்லை. அவை பாதியைக் காட்டும், மீதியை நம்மிடம் விட்டுவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். வாப்பா ஆழ்கடல் படகில் தொழிலுக்குப் போகிறவர். சில நாட்கள் கடலில் கிடந்துவிட்டு மீனோடு வருவார். ஒருமுறை அவர்கள் போன பிறகு பெரிய காற்று அடித்தது, படகு வரவில்லை. ஒரு கிழமை போய் இன்னொரு கிழமையும் போனது. சாய்ந்தமருதுப் பக்கம் ஐஸ் பெட்டி மூடி ஒன்று கரை ஒதுங்கியது. அது அந்தப் படகினுடையது என்று சிலரும் இல்லை என்று சிலரும் சொன்னார்கள். உம்மா ஒவ்வொரு நாளும் விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போய், கரையேறுகிற ஒவ்வொரு தோணிக்காரரிடமும் கேட்டார். படகு முதலாளியின் வாசலிலும் போய் நின்றார். மீன்பிடித் திணைக்களக் கந்தோருக்கும் நடந்தார்.

மாமா, அதாவது உம்மா காக்கா என்று கூப்பிடுகிற மூத்த அண்ணன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முன்னரே அறிந்து வைத்திருப்பார். ஒரு புதன்கிழமை வந்து கதிரையில் அமர்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவருக்கு ஜனாஸாத் தொழுதிருவம், தங்கச்சி. மறுகா நீ இத்தாவுல இரி. ஒவ்வொரு நாளும் கரையில போய் நிக்கிறாய் எண்டு ஊரு கதைக்குது."

"அவரு மௌத்தாகின எண்டு ஆரு கண்ட, காக்கா?"

"ஆரும் காணல்ல. உசிரோட இரிக்காரு எண்டும் ஆரும் காணல்லியே."

உடல் கிடைக்காதவருக்கும் அந்த மரணத் தொழுகையைத் தொழலாம். ஆனால் தொழுதுவிட்டால் வாப்பாவின் கதையை ஊர் முடித்துவிட்டது என்று அர்த்தம். கணவனை இழந்தவர்களுக்குரிய இத்தாவில் உம்மா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியிறங்காமல் இருக்கவேண்டும். கரைக்குப் போகவோ, முதலாளி வாசலில் நிற்கவோ ஏலாது. அவர் தேடுவதை நிறுத்தினால் வாப்பாவைத் தேட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? உம்மா இனி நாள் முழுக்க வீட்டில் இருப்பார் என்று மட்டும் விளங்கியது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

மறுநாள் சாச்சா, வாப்பாவின் தம்பி, வீடியோ கசட் ஒன்றோடு ஓடிவந்தார். கடலில் மிதந்த இலங்கை மீனவர்களை ஒரு கப்பல் ஏற்றிப்போய் மாலைதீவில் இறக்கிய காட்சி செய்தியில் போனதாம். பெயரும் ஊரும் சொல்லவில்லையாம். அவருடைய கூட்டாளி ஒருவர் அதைப் பதிந்து வைத்திருந்தார். அந்தக் காற்றில் காணாமல் போன படகுகள் வேறு ஊர்களிலும் இருந்தன. ஆகவே அது வாப்பாவாகவும் இருக்கலாம், யாராகவும் இருக்கலாம்.

எங்கள் வீடியோ டெக்கையும் டீவியையும் சேர்க்கிற வயர் பல இடங்களில் டேப் சுற்றிய வயர். படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. வந்ததும் கீழிருந்து மேலே ஓடியது. மனிதர்கள் கால் வேறு தலை வேறாகக் கப்பலிலிருந்து இறங்கினார்கள்.

"வயர்தான் பிழை. தங்க மூக்கு வயர் போட்டா முகம் துலாம்பரமாத் தெரியும்," என்றார் சாச்சா.

"வயர் எண்டா வயர்தான் மச்சான்," என்றார் கூட இருந்த மாமா. "தங்கக் குழாயில வந்தாலும் தண்ணி தண்ணிதான்."

"ஊத்தக் குழாயில வந்தா ஊத்தத் தண்ணியெல்லுவா வரும்?"

தங்க மூக்கு வயர் பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு முனையிலும் பொன் பூசியிருக்கும். நாங்கள் பிள்ளைகள் அந்த முனைகளை மூக்கு என்போம். அவருடைய மனைவி அதை அலுமாரியில் நகையோடு வைத்துப் பூட்டியிருந்தார். கேட்டதும் தந்தார். "சும்மா சும்மா களட்டி மாட்டாதீங்க, பவுண் தேஞ்சி போயிரும்," என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்து, வயர் இருக்கிற இடத்தில் தானும் இருந்துகொண்டார்.

அஸருக்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். சாச்சா பிஸ்மில்லாஹ் சொல்லி மூக்கை மாட்டினார். படம் ஓடுவது நின்றது. நிறம் வந்தது, கடல் நீலமானது. யாரோ மாஷா அல்லாஹ் என்றார்கள். ஆனால் இறங்குகிற மனிதர்களின் முகங்கள் மாத்திரம் முன்பு போலவே மாவில் குழைத்த மாதிரி இருந்தன. பதியும்போதே அன்டெனாவில் சரியாக விழாத முகத்தைத் தங்க வயர் எங்கிருந்து கொண்டுவரும்? நாலாவதாக ஒருவர் போர்வையோடு இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"காக்கா போலயும் இரிக்கி," என்றார் சாச்சா. அவருடைய குரல் இறங்கிவிட்டது. "இல்லாத போலயும் இரிக்கி."

"முதுகப் பாத்து என்ன சொல்ற?" என்றார் மாமா.

கதவோரம் நின்ற உம்மா உள்ளே வந்தார். "இன்னொருக்காப் போடுங்க."

போட்டார்கள்.

"ஓம். அவருதான்."

"முகம் தெரியல்லியே, தங்கச்சி."

"அந்த முதுகுக்குப் பின்னால எவ்வளவு காலம் நடந்திரிக்கன். எனக்குத் தெரியாதா காக்கா? இடுப்புல சாரன் கட்டின விதத்தப் பாருங்க."

அதைச் சொல்லும்போது உம்மா டீவியைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மாவுக்கு டீவி பார்க்கவும் தெரியாது என்று நினைத்தேன்.

மாமா தொப்பியைத் தலையில் போட்டார். "அப்ப வெள்ளிக்கிழமை வேணாம்," என்றார். அடுத்த பஸ்ஸில் படகு முதலாளியையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டார். ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் மாமா பாதியில் விடமாட்டார். பக்கத்து வீட்டு மாமி வயரைச் சுருட்டும்போது நான் அதன் மூக்கைத் தொட்டு முத்தமிட்டேன். வாப்பாவைக் கொண்டுவந்தது அதுதானே.

கொழும்புக் கந்தோரில், மாலைதீவில் இறங்கியவர்கள் தெற்கே வேறு ஊர்க்காரர்கள் என்று கையை விரித்தார்களாம். மாமா எழும்பவில்லையாம். "என்ட தங்கச்சி கண்ணால கண்ட," என்று அங்கேயே இருந்திருக்கிறார். இந்த மனிதரை எழுப்புவதற்காகவே ஓர் அதிகாரி வேறு இடங்களிலும் விசாரிக்க, இந்தியாவில் ஆந்திரக் கரையில் எஞ்சின் பழுதான ஒரு படகை இழுத்து வந்திருக்கிற செய்தி கிடைத்தது. அதில் வந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். வாப்பாவும் இருந்தார்.

சந்திக் கடைக்கு டெலிபோன் கோல் வந்து, சாச்சா ஓடிவந்து சொன்னபோது உம்மா கிணற்றடியில் இருந்தார். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நான் அதுவரை கண்டிராத விதமாக அழுதார். எனக்கு அது விளங்கவில்லை. வாப்பா உயிரோடு இருப்பது வியாழக்கிழமையே உம்மாவுக்குத் தெரியும். தெரிந்த செய்திக்கு இப்போது ஏன் இந்த அழுகை?

வாப்பா வந்தார், பாதி ஆளாக, தாடியோடு. வீடு பெருநாள் மாதிரி இருந்தது. சாப்பாட்டுக்கு முதல் சாச்சா அவருக்குக் காட்டுவதற்கென்று தங்க மூக்கு வயரை மறுபடி வாங்கிவந்து மாட்டினார். நாலாவது ஆள் இறங்கியதும் படத்தை நிறுத்தினார்.

"பாருங்க காக்கா, ஒங்களத்தான்."

வாப்பா குனிந்து பார்த்தார். "இது நானில்லியே. நாங்க மாலைதீவுப் பக்கமே போகல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். "முதுகுக்குப் பின்னால நடந்தவவுக்கு முதுகு தெரியாமப் போயித்து," என்று பக்கத்து வீட்டு மாமி பகிடி பண்ணினார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. உம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மச்சானுக்குச் சோத்தப் போடு தங்கச்சி, பசியோட இரிக்காரு," என்றார்.

நான் குசினிக்குள் உம்மாவின் பின்னால் போனேன். "உம்மா, நீங்க பிழையாச் சொல்லிட்டீங்களே."

உம்மா மீன் ஆணத்தைக் கோப்பையில் அள்ளிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "என்னத்தப் பிழையாச் சொன்ன நான்? மனிசன் வந்துட்டாருதானே மகள்."

விடை சரியாக வந்த கணக்கின் வழியைக் கேட்டால் வகுப்பில் நாங்கள் மழுப்புவது போல உம்மாவும் மழுப்புகிறார் என்று பட்டது. ஆனாலும் உம்மாவின் கண் ஏமாறும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமியிடம் போய், "ஒங்கட வயர் ஆள மாத்திக் காட்டுது," என்று சொன்னேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே இரண்டு மூக்கையும் முந்தானையால் துடைத்தார். அன்று அந்த அறையில் பொய் சொன்னது வயர்தான் என்று பிறகும் வெகுகாலம் நான் நம்பியிருந்தேன்.