சுருக்கம் இல்லாத முதியோர்

நான் சங்கச் செயலாளர் ஆனது வாயைத் திறக்காமல் இருந்ததால்தான். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை, சிங்கப்பெருமாள் கோவில் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த போட்டோகிராபர் சங்கம் அது. முதல் கூட்டத்தில் செயலாளர் பதவி வேண்டாம் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. இன்னொருவருக்கு வீட்டில் பிரசவம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது, அதனால் காரணம் சொல்ல முடியவில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தேன். மனிதர்களை நேரில் பார்ப்பதைவிட நெகட்டிவில் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த ஸ்டூடியோ முதலாளிதான் சங்கத் தலைவர்; அவரோடுதான் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

"இவன் ஒத்துக்கினான். எழுதிக்கங்க" என்றார்.

எழுத வேண்டியவனும் நான்தான். எழுதிக்கொண்டேன்.

அரசு விடுமுறை நாட்களில் உறுப்பினர்கள் கூடி ஏதாவது சமூக சேவை செய்ய வேண்டும் என்பது தலைவரின் ஆசை. சேவை செய்தால் பேப்பரில் பெயர் வரும் என்று அவர் நம்பினார். முதலில் குடியரசு தினத்தன்று ஏரிக்கரையில் மரம் நடப் போனோம். எல்லாரும் மறக்காமல் கேமரா கொண்டுவந்திருந்தார்கள். கடப்பாரை ஒருவரும் கொண்டுவரவில்லை. இருந்த ஒரே புங்கங்கன்றை ஆளுக்கொரு முறை கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். கரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் ஆடு வந்து அதைத் தின்றது. அதையும் ஒருவர் படம் எடுத்தார். அன்றைக்கு எடுத்ததில் அது ஒன்றுதான் நன்றாக வந்தது.

காந்தி ஜெயந்தி நெருங்கியபோது, கேமராவைத் தவிர வேறொன்றும் தேவைப்படாத ஒரு சேவையைத் தலைவர் கண்டுபிடித்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போடுகிறவர்கள் போட்டோ ஒட்ட வேண்டியிருந்தது. கிராமத்து ஏழைகள் ஸ்டூடியோவுக்கு எங்கே போவார்கள்? பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு இலவசமாக எடுத்துக் கொடுத்து, மனுக்களையும் நாமே தாலுகா ஆபீசில் சேர்த்துவிடலாம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கடப்பாரை வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் நிம்மதி.

கரும்பலகையின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, முன்னால் ஸ்டூல் போட்டோம். காலையிலிருந்தே வயதானவர்கள் வந்து குவிந்தார்கள். மணிமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்திருந்தாள். நாற்று நட்டே காலம் தள்ளியவள். முட்டி போய்விட்டதால் இனிமேல் சேற்றில் இறங்க முடியாது. புருஷன் இல்லை. மகன் மாமியார் வீட்டோடு போய்விட்டான். இந்தத் தொகை வந்தால்தான் அடுப்பு எரியும் என்று, நான் பெயர் எழுதுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தலைவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, தலையைத் தூக்கு, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, லேசாகச் சிரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இன்னா சாமி, எனக்கு மாப்ள பாக்கப் போறியா? முட்டி நோவுது. சட்டுனு புடி" என்றாள் ஆயா.

வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள். தலைவர் அதைப் பிடித்துவிட்டார்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் எடுத்த படத்தை எடுத்தபடியே கொடுப்பது மரியாதைக் குறைவு. நெகட்டிவை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வோம். டச்சிங் என்று பெயர். முகத்தில் சுருக்கம் இருக்கும் இடம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் பட்டால் பிரிண்டில் சுருக்கம் காணாமல் போய்விடும். இதில் எங்கள் தலைவரை மிஞ்ச ஆள் இல்லை. பெண் பார்க்கும் படம் என்றால் காஞ்சிபுரத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள்.

முகாம் முடிந்ததும் அத்தனை நெகட்டிவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இலவசம் என்பதற்காக வேலையில் குறை வைக்கக் கூடாதாம். மற்ற உறுப்பினர்களும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப்போய்த் தொட்டார்கள். நான் பிரிண்ட் போட்டேன். மருந்துத் தட்டில் ஒவ்வொரு முகமாக எழும்பி வந்தபோது எங்களில் ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அழகாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

மனுக்களோடு படங்களையும் கட்டி ஆபீசில் கொடுத்தோம். குமாஸ்தா ஒவ்வொன்றாகப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"இதுல யாருக்குமே அறுபது ஆவலையே சார். எல்லாம் பொண்ணு பாக்கற படம் மாதிரி கீது. இத்த மேல அனுப்பிச்சா என்னைத்தான் கேப்பாங்க."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குமாஸ்தா புகழ்கிறார் என்று நினைத்து, தொழில் அப்படி என்று அடக்கமாகப் பதில் சொன்னார். இது புகழ்ச்சி இல்லை என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மாதக் கடைசிக்குள் சரியான படத்தோடு ஆட்களை நேரில் அனுப்பாவிட்டால் மனுக்கள் தள்ளுபடி ஆகும், மறுபடி எப்போது எடுத்துக்கொள்வார்கள் என்று தனக்கே தெரியாது என்றார் குமாஸ்தா.

நெகட்டிவில் பட்ட பென்சிலைத் துடைக்க ஒரே வழிதான். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு அழுத்தாமல் தேய்க்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் பங்கைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவர் மட்டும் தன்னுடையதைக் கொடுக்க மாட்டேன் என்றார். தன் ஸ்டூடியோ முத்திரை குத்திய படம் இவ்வளவு சுருக்கத்தோடு வெளியே போனால் நாளைக்கு எவன் கல்யாணப் படம் எடுக்க வருவான் என்று கேட்டார். அவர் பங்கில்தான் ஆயாவின் படமும் இருந்தது. ஒரு வாரம் இப்படியே ஓடியது. இருட்டறைக்குள் அவர் முகம் தெரியாது என்ற தைரியத்தில் ஒருநாள் நானே பேசினேன்.

"பின்னாடி நம்ம முத்திரைய குத்த வேணாம்ணே. யாரு எடுத்ததுன்னே தெரியாது."

அவர் டர்பன்டைன் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். தான் வரைந்ததைத் துடைப்பதைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

ஆள் அனுப்பி எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொன்னோம். வராந்தாவில் நின்று புதுப் படங்களைக் கொடுக்கும் வேலை செயலாளர் தலையில் விழுந்தது. பாதிப் பேர் பார்க்காமலே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆயா மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு, எங்க மாமியாரா?"

அவள்தான் என்றேன். உள்ளே போய்ப் பழைய படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதான் நானு. அந்தக் கெயவிய நீயே வெச்சிக்க. அத்தக் குடுத்துத்தான் துட்டு வரும்னா, எனக்கு அந்தத் துட்டே வாணாம்" என்று புதுப் படத்தை என் கையில் திணித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றுதான் கடைசி நாள். குமாஸ்தா மனுக் கட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். தலைவரைக் கூப்பிடலாமா என்று தெருவைப் பார்த்தேன். அவர் வந்தால் ஆயா பக்கம் சேர்ந்துகொள்வார் என்று தோன்றியது. அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தப் படத்தை மனுவில் ஒட்டி உள்ளே பீரோவில் வைத்துவிடுவார்கள், ஊரில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள், நல்ல படம் உன்னிடமே இருக்கட்டும் என்று சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக அதற்கு முன் எதுவும் வந்ததில்லை.

"நீ பாத்துட்டியே?" என்றாள்.

"நான் கழுவுறது இருட்டுலம்மா. ஒண்ணும் தெரியாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு படத்தை என் கையிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். குமாஸ்தாவிடமும் கவிழ்த்தே கொடுத்தாள். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சரி என்று பசை தடவினார். அவர் ஒட்டி முடிக்கும் வரை ஆயா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழித்து ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். தபால்காரர் முதல் மாதத் தொகையை மணியார்டரில் கொடுத்துவிட்டாராம். என்னைப் பார்க்க வரவில்லை. நேராகத் தலைவரிடம் போய், இடுப்பில் செருகியிருந்த அந்த முதல் படத்தை எடுத்து நீட்டினாள். ஓரமெல்லாம் மடிந்து போயிருந்தது. இதைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கொடு என்றாள்.

நெகட்டிவைத்தான் நான் துடைத்துவிட்டேனே. தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆறு மாதச் சம்பளம் போயிருக்க வேண்டும். ஆனால் மறு நிமிடமே அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து வைத்துப் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டார். ஆயா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு, கன்னத்தில் இன்னும் கொஞ்சம், கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் தடவையைவிட இந்தத் தடவை நிறையச் சுருக்கம் எடுக்க வேண்டியிருக்கிறது, நேரமாகும் ஆயா என்றார் தலைவர்.

"நிதானமா பண்ணு சாமி. அதான் மாசா மாசம் வருதே" என்று சொல்லி, அவருடைய நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.