இப்பதான் போனான்

சின்னவளுக்கு இரண்டு துறையிலும் இடம் கிடைத்திருந்தது. வேதியியலா இயற்பியலா என்று வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அவள் மனசு எப்போதோ முடிவு பண்ணிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்து, கடைசிச் சொட்டில் குடுவை முழுக்க நிறம் மாறியதைப் பார்த்த அன்றைக்கே வேதியியல்தான் என்று தீர்ந்துபோன விஷயம். அதை வீட்டில் வாய் திறந்து சொல்லத்தான் தைரியமில்லை.

காரணம், அண்ணன். அவனும் அங்கேதான் வேதியியல் படித்தான். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், "வரேம்மா" என்று கிளம்பினான். செய்முறை வகுப்பை முடித்தான். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அதோடு சரி. போலீஸ் தேடியது. பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, சவக்கிடங்கு என்று அம்மா ஏறி இறங்காத இடமில்லை. துப்பே கிடைக்கவில்லை. அப்பா எப்போதோ தவறிவிட்டவர். மிச்சம், முன்னறையில் தையல் மெஷினோடு அம்மாவும், படிக்கிற சின்னவளும்.

அம்மா வாசலைத் தாண்டியே வெகுகாலம் ஆகிறது. துணி தைக்கக் கொடுப்பவர்கள் வீட்டுக்கே வருவார்கள். கடை கண்ணிக்குப் போவதெல்லாம் சின்னவள்தான். கேட்டால், "முழங்கால் வலிடி" என்பாள்.

சேருவதற்கு முன் இரண்டு துறைகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சின்னவள் போனாள். இயற்பியல் துறையில் ஓர் இருட்டறை. சோடியம் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வேறெந்த நிறமும் பிழைக்கவில்லை. அவளுடைய சிவப்புப் பை கரியாய்க் கிடந்தது. விளக்கம் சொன்ன மாணவியின் உதடு பிணத்தின் உதடு மாதிரி இருந்தது.

"பயப்படாத, வெளிய போனா சரியாயிடும்" என்று அந்த உதடு சிரித்தது.

அங்கிருந்து தப்பித்தோம் என்றுதான் வேதியியல் கட்டிடத்தின் மாடிப்படி ஏறினாள். சாப்பாட்டு நேரம். ஆய்வகத்தில் ஆளில்லை. ஜன்னலோர மேசையில் மட்டும் சொட்டு விடுகிற ஒரு பியூரெட் குழாய், அதன் கீழே கூம்புக் குடுவை. குடுவைக்குள் வெளிர் சிவப்பில் ஒரு கரைசல். அது இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

யாரோ ஆட்டிவிட்டு அந்தக் கணம்தான் கீழே வைத்திருக்க வேண்டும். ஆனால் அறைக்கு ஒரே கதவு. அதன் வழியாகத்தான் அவள் வந்தாள்.

சுழற்சி மெல்ல அடங்கியது. காற்றுப் பட்டால் அந்தச் சிவப்பு கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நின்று பார்த்தாள். வெளுத்தது. தண்ணீர் மாதிரி ஆயிற்று.

"யாரும்மா அது?"

பின்னால் ஸ்டோர்காரர், கையில் சாவிக்கொத்து. கண்ணாடிச் சாமான்களும் மருந்துகளும் எடுத்துக் கொடுப்பவர். அவளுடைய முகத்தையும் தடித்த மூக்குக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சோடாவோட தங்கச்சியா?"

சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அண்ணனுக்கு இங்கே அதுதான் பெயர். "ஆமாம் சார்."

"அடடா, ஒரு நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா? இப்பதான் போனான்."

"யாரு சார்?"

"உங்கண்ணன்தான்."

"அண்ணன் காணாமப் போயி வருஷக்கணக்காச்சே."

"தெரியாமலா? போலீஸ் வந்தப்பவே சொன்னேன், அப்பப்ப வந்துட்டுப் போறான்னு. ரூமையே புரட்டிப் பார்த்தாங்க, கிடைக்கல. என்னைக் குடிகாரன்னு நெனச்சாங்க. எனக்குக் காப்பிகூடப் பழக்கமில்லம்மா. அதுலேர்ந்து நான் வெளியாளுங்ககிட்ட மூச்சு விடறதில்ல."

"உங்ககிட்ட பேசுவானா?"

"பிப்பெட் இருக்கா, டிஸ்டில்டு வாட்டர் இருக்கான்னு கேப்பான். என்கிட்ட வேற என்ன பேசப் போறான்?"

விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக அது இல்லை. எப்படிப் படி இறங்கினாள், எந்த பஸ் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படபடவென்று கொட்டினாள். அம்மா அழுவாள், அந்த ஆளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஜன்னலோரமா?" என்று கேட்டாள்.

மேசை எந்தப் பக்கம் என்று சின்னவள் சொல்லவே இல்லை.

"நானும் போயிருக்கேன்டி. நீ ஸ்கூலுக்குக் கிளம்பினதும் போவேன். எப்பப் போனாலும் அந்த ஆளு சொல்றது, இப்பதான் போனான், இப்பதான் போனான். ஒரு நாள் வெறுத்துப்போயி வீட்டுக்கு வந்தா, பாத்ரூம்ல தரையெல்லாம் ஈரம். சோப்பு நுரைகூட அடங்கல. அப்பத்தான் புரிஞ்சுது. நான் அங்க போற நேரம் பார்த்து அவன் இங்க வரான். அதான் நான் வெளிய போறதில்ல."

"முழங்கால் வலின்னியேம்மா?"

"நான் இங்கயே உக்காந்துட்டேன். அதனால அவன் அங்கயே சுத்தறான்." அம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்தாள். குரல் தழைந்தது. "நீ கெமிஸ்ட்ரி எடு. அங்க நீ இரு, இங்க நான் இருக்கேன். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா அவன் எங்க போவான்?"

பொறி வைத்து எலி பிடிக்கப் போகிற மாதிரி, அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். அண்ணனைவிட அம்மாவிடம்தான் சின்னவளுக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்க வேண்டும் என்று நினைத்திருந்த வேதியியல், தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. ஆனால் எதற்கு? அந்த ஜன்னலோரத்தில் காவல் இருப்பதற்கு. படிப்பு முடிந்ததும் அம்மா மாதிரி இன்னொரு வாசலில் உட்காருவதற்கு.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் குமாஸ்தா அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "கெமிஸ்ட்ரிதானே?" என்றார்.

"பிசிக்ஸ்" என்றாள்.

அம்மா பல வாரம் அவளோடு பேசவில்லை. தட்டில் சோறு விழும், வார்த்தை விழாது. இயற்பியலும் அவளை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. முதல் ஆண்டு முழுக்க முட்டி மோதினாள். போகப் போகப் பழகியது, பிறகு பிடித்தது. வேதியியல் கட்டிடத்துப் பக்கம் மட்டும் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. நூலகத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

படிப்பு முடிந்து புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நோயாளிகள் வருவதற்கு முன் கதிர்வீச்சு மெஷினின் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. அவள் சரி என்று சொன்னால்தான் மெஷின் ஓடும். அங்கே ஒரு நாள் காலை, வரிசையில் மனைவியோடு ஸ்டோர்காரர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. மனைவியை உள்ளே அழைத்துப் போனதும் அவள் அவரிடம் போனாள். அவர்தான் முதலில் பேசினார்.

"நீ கெமிஸ்ட்ரிக்கு வருவேன்னு பார்த்தேன்."

"பிசிக்ஸ் எடுத்துட்டேன் சார்."

"தெரியும். அவன் நச்சரிச்சுக்கிட்டே இருந்தான், தங்கச்சி இங்க சேர்ந்தாச்சான்னு. அப்புறம் ஆபீஸ்ல விசாரிச்சு, உன் பேரு பிசிக்ஸ்ல இருக்குன்னு சொன்னேன்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணன் என்ன சொன்னான்?"

"'நல்ல வேளை'ன்னான். அதுக்கப்புறம் வரவே இல்லம்மா."

மாலையில் வீட்டுக்குப் போனபோது அம்மா சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், அங்கே வரவில்லை என்றால் இங்கேதானே வருவான் என்று அம்மா இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துவிடுவாள். விழுங்கிக்கொண்டாள்.

"அம்மா, கடைத்தெரு வரைக்கும் என்கூட வர்றியா?"

அம்மா கதவையே பார்த்தாள். "யாராச்சும் வந்தா?"

"பூட்ட வேண்டாம். சும்மா சாத்திட்டுப் போவோம்."

அம்மா ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பை இழுத்துக் காலை நுழைத்ததும் வார் முறுக்கு மாதிரி ஒடிந்தது. வெறுங்காலோடு, சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கினாள். புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் திரும்பினார்கள்.